கழுத்தினுள் ஒளிந்த சுரப்பியும் அதனைக் காட்டும் படங்களும்

மலைநாட்டிலே பிறந்து, பேராதனையைக் கடந்து, 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கடலை அடையுமுன் கிளைக்கின்றது. தாயாறு கொட்டியாரக் குடாவிலே விழ, அதன் கிளையொன்று வெருகலாறு என்னும் பெயர் பூண்டு, சித்திர வேலாயுதர் கோயிலின் அருகாகச் சென்று தனியே கடலிற் கலக்கின்றது. நீர் ஒன்றே, ஆயினும் முடியுமிடம் வேறு. வெருகற் கரையிலிருந்து இம்மலருக்கு எழுதும் நாம், இங்கே எடுத்துக்கொண்ட பொருளுக்கு இவ்வாற்றின் இயல்பையே உவமையாகக் கொள்கின்றோம். மனிதனின் கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகளும், தாய் வயிற்றில் முளையமாயிருக்கும் பருவத்திலே மேலே தோன்றிக் கீழ்நோக்கிப் பயணஞ்செய்து, ஒவ்வோரிடத்திற் சென்று அமர்கின்றன. பெரும்பாலும் அவை உரிய இடத்தையே அடையும். சிலர்க்கு வழியிலே தங்கிவிடும். சிலர்க்கு நெஞ்சறை வரையும் இறங்கிவிடும். அவற்றுள் ஒன்று நோயுற்று மிகையாய்ச் சுரக்கத் தொடங்கினால், அது எங்கேயிருக்கின்றதென்று அறிவதே வைத்தியர்க்குப் பெருஞ் சிக்கலாகின்றது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே அவ்விடத்தைப் படம் பிடித்துக் காணும் முறைகளை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

சுரப்பியும் அதன் தொழிலும்

இவை பராதைரொயிட்டுச் சுரப்பிகள் எனப்படும். மூச்சுக்குழாயைத் தழுவியிருக்கும் தைரொயிட்டுச் சுரப்பியின் பின்புறத்தே, பக்கத்துக்கு இரண்டாக, பெரும்பாலார்க்கு நான்கு உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மைசூர்ப் பருப்பின் அளவினது. நிறை 30 முதல் 50 மில்லிகிராம் வரையே. நான்கையும் சேர்த்து நிறுத்தாலும் ஒரு கிராமின் ஐந்திலொரு பங்கைத் தாண்டுவதில்லை.

இத்துணைச் சிறிய உறுப்பு உலகறிய வந்த வரலாறும் சுவையானது. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் வளர்ந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்று 1849இல் இறந்தது. அதனை அறுத்து ஆராய்ந்த றிச்சட் ஓவன் என்பார், தைரொயிட்டின் மேல் ஒட்டியிருந்த மஞ்சள் நிறமான சிறு சுரப்பியைக் கண்டு குறித்துவைத்தார். மனிதரிடத்தும் அஃதுண்டென்பதைச் சுவீடன் நாட்டு உப்சாலாவில் மருத்துவ மாணவராயிருந்த ஈவார் சான்ட்ஸ்திரோம் ஆராய்ந்து 1880இல் வெளியிட்டார். அவர் காலத்தில் அதனைப் பொருட்படுத்தினோர் அரியர். 1909இல் மக்கல்லம், வோக்ட்லின் என்னும் இருவர், இச்சுரப்பிகளை நீக்கினால் குருதியிற் கல்சியம் குறைந்து உடல் இழுத்துக்கொள்ளும் என்பதைக் காட்டிய பின்னரே இதன் தொழில் விளங்கியது.

அத்தொழிலை நம் பக்கத்து வயற்காரருக்குச் சொல்லி விளக்குதல் எளிது. உடலிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கின்றது. எலும்பு குளம், குருதி வாய்க்கால், பராதைரொயிட்டு வாய்க்காலின் நீர்மட்டத்தைப் பார்த்துத் துருசைத் திறந்தும் மூடியும் காக்கும் வட்டவிதானை. குருதியிற் கல்சியம் சற்றுக் குறைந்தால் இச்சுரப்பி தன் ஓமோனைச் சுரக்கும். எலும்பிலிருந்து கல்சியம் வெளிவரும். சிறுநீரகம் அதனை வீணே போகவிடாது மறிக்கும். விற்றமின் டீ செயலுருப் பெற்று, குடல் உணவிலிருந்து கூடுதலாக உறிஞ்சும். மட்டம் உயர்ந்ததும் சுரப்பு அடங்கும். இதயமும் நரம்பும் தசையும் ஒழுங்காய் இயங்குவது இம்மட்டத்தின் நிலைபேற்றிலே தங்கியுள்ளது.

வாய்க்கால் நிரம்பி வழியவும் துருசை மூடாத வட்டவிதானையை நினைத்துப் பாருங்கள். குளம் வற்றும், வயலோ வெள்ளத்தில் அழுகும். மிகைச் சுரப்பு நோயும் அத்தகையதே. எலும்பு மெலிந்து நோகும். சிறு அடிக்கும் முறியும். மிகுந்த கல்சியம் சிறுநீரகத்திற் கல்லாய்ப் படியும். தாகம், மலச்சிக்கல், வயிற்றுநோ, சோர்வு, மனத்தளர்ச்சி என்பன ஒன்றன்பின் ஒன்றாய் வரும். இவற்றுள் எதுவும் இந்நோய்க்கே உரிய தனிக்குறியன்று. ஆகையால், எலும்பு நோவை வயதின் மேலும், கல்லடைப்பை வெயிலின் மேலும் கிணற்று நீரின் மேலும் ஏற்றிவிட்டு ஆண்டுக்கணக்காய்ப் பொறுத்திருப்போர் பலர்.

நோயின் தன்மை ஒன்றை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். தானாய்த் தோன்றும் இந்நோயுடையோர் நூற்றுவரில் ஏறத்தாழ 80 முதல் 85 பேர்க்கு நான்கு சுரப்பிகளுள் ஒன்று மட்டுமே கட்டியாய் வளர்ந்திருக்கும். ஏனைய மூன்றும் பழுதற்றவை. அந்த ஒன்றை அகற்றினால் நோய் தீரும். எனவே கேள்வி, ‘எது?’ என்பதும் ‘எங்கே?’ என்பதுமேயாம்.

ஒரு கப்பற்றலைவரின் கதை

இக்கேள்விக்கு விடை தெரியாதிருந்த காலத்தில் மனிதர் பட்ட பாட்டை அறிந்தாலன்றி இன்றைய படங்களின் அருமை புலப்படாது. வியன்னா நகரில் பீலிக்ஸ் மாண்டில் என்னும் சத்திர வைத்தியர், எலும்பு கரைந்து நடக்கமாட்டாதிருந்த திராம்வண்டி ஊழியர் ஒருவரின் கழுத்தைத் திறந்து, பெருத்த பராதைரொயிட்டுக் கட்டியொன்றை 1925இல் அகற்றினார். நோயாளி எழுந்து நடந்தார். இந்நோய்க்குச் செய்யப்பட்ட முதற் சத்திரசிகிச்சையாக அதனையே கொள்வர்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவிற் சாள்ஸ் மாட்டெல் என்னும் கப்பற்றலைவர் இந்நோயுடையாரென அறியப்பட்டார். துறைமுகத்தாராகிய நமக்கு அவர் கதை நெஞ்சைத் தொடுவதாகும். கட்டுடலோடு கப்பலோட்டிய அவர், எலும்புகள் நொறுங்கி முதுகு கூனி, உயரத்தில் ஏறக்குறைய 18 சென்ரிமீற்றர் குறைந்துபோனார். 1926 முதல் 1932 வரை அவர் ஏழுமுறை சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டார். முதல் ஆறு முறையும் கழுத்தே தேடப்பட்டது, கட்டி அகப்படவில்லை. மாட்டெல் வாளாவிருந்தாரல்லர். மருத்துவ நூலகத்திற் புகுந்து தாமே நூல்களைப் படித்து, சுரப்பி நெஞ்சறையில் இருத்தல் கூடும் என்பதை உணர்ந்து, அங்கே தேடுமாறு வற்புறுத்தினார். ஏழாவது முறை, பொஸ்ரன் நகரின் மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் சேர்ச்சில், கோப் என்னும் இருவரும் நெஞ்சறையைத் திறந்தபோது கட்டி அங்கேயே இருந்தது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. கற்களாற் கெட்டிருந்த சிறுநீர்த் தொகுதியின் துன்பம் தீராது, சில கிழமைகளில் அவர் உயிர் நீத்தார்.

அவ்வைத்தியர்கள் திறமையிற் குறைந்தவரல்லர். உடலைத் திறவாமலே உள்ளே நோக்கும் கண் அவர்களுக்கு அக்காலத்தில் வாய்த்திருக்கவில்லை. ஒருமுறை திறந்து மூடிய கழுத்தை மறுமுறை திறப்பது எளிதன்று. தழும்பு இழையங்கள் ஒட்டிக்கொள்ளும். குரலை இயக்கும் நரம்பு வெட்டுண்டு குரல் கெடும் இடர் மிகும். முதன்முறையே சரியான இடத்தை அடைவதன் பெருமை இதனால் விளங்கும்.

முதலிற் குருதி, பின்னரே படம்

படமுறைகளைக் கூறுமுன் ஓர் ஒழுங்கை வற்புறுத்த விரும்புகின்றோம். இந்நோய் உண்டா இல்லையா என்பதைத் துணிவது படமன்று, குருதிச் சோதனையே. குருதியிற் கல்சியம் மிகுந்திருக்கப் பராதைரொயிட்டு ஓமோனும் அடங்காது மிகுந்தோ, அடங்கவேண்டிய அளவுக்கு அடங்காமலோ இருப்பின் நோய் உண்டெனக் கொள்வர். நோய்போலத் தோற்றும் பரம்பரை இயல்பொன்றை விலக்குதற்குச் சிறுநீரிற் கழியும் கல்சியத்தையும் அளப்பர். ஓமோனைக் குருதியில் அளக்கும் வழியை 1963இல் பேர்சன், யாலோ என்னும் அறிஞர் இருவர் காட்டினர். இவ்வாறு நோய் துணியப்பட்டு, சத்திரசிகிச்சை வேண்டுமென்பதும் முடிவான பின்னரே படம் எடுத்தல் முறை. படம் இடத்தைச் சொல்லும், நோயைச் சொல்லாது. இந்த வேறுபாட்டை மறந்தால் இருவகைத் தீங்கு விளையும். படத்தில் ஏதோ தென்பட்டதென்று நோயில்லாதார் கழுத்தைத் திறப்பது ஒன்று. படத்தில் ஒன்றும் தோன்றவில்லையென்று நோயுடையாரை வீட்டுக்கு அனுப்புவது மற்றொன்று.

ஒலியினாற் காணல்

முதற் படம் பெரும்பாலும் கழியொலிப் படமேயாகும். செவிக்கெட்டாத உயர்ந்த அதிர்வுடைய ஒலியைக் கழுத்தினுட் செலுத்தி, இழையங்களிற் பட்டு மீளும் எதிரொலியைப் படமாக்குவர். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பார்க்கும் அதே ‘ஸ்கான்’ முறைதான் இது. பழுதற்ற பராதைரொயிட்டு மிகச் சிறிதாகையால் இதிற் பெரும்பாலும் தெரிவதில்லை. கட்டியாய் வளர்ந்த சுரப்பி, தைரொயிட்டின் பின்னே கருநிறமான நீள்வட்டமாய்த் தோன்றும். அதன் ஒரு முனையிற் புகும் குருதிக்குழாயையும் காணலாம். கதிர்வீச்சு இல்லை, செலவு குறைவு, தைரொயிட்டிலுள்ள பிற கட்டிகளையும் ஒருங்கே காட்டும். ஆயினும் மூச்சுக்குழாயின் காற்றையும் நெஞ்செலும்பையும் ஊடுருவ ஒலியால் இயலாது. அவற்றின் பின்னே மறைந்த சுரப்பியை இது காட்டாது. மேலும், கருவியைப் பிடிக்கும் கையின் பயிற்சியிலேயே இதன் பயன் பெரிதும் தங்கியுள்ளது.

கதிரினாற் காணல்

இரண்டாவது முறை அணுமருத்துவத்தின் கொடை. தெக்னீசியம் என்னும் மூலகம் 1937இல் பெரியர், சேக்ரே என்போராற் கண்டறியப்பட்டது. மனிதர் செயற்கையாய் ஆக்கிய முதல் மூலகம் அதுவே. அதன் ஒருவகைச் சமதானி காமாக் கதிரை மட்டும் வீசி, 6 மணித்தியாலத்திற் பாதியாய்க் குறைந்துவிடும். இவ்வளவு விரைவில் அழிவதை எவ்வாறு நாள்தோறும் பெறுவது? அதற்குத் தாயான மொலிப்தினம்-99, பாதியாவதற்கு 66 மணித்தியாலம் எடுக்கும். தாயை ஒரு கலத்தில் வைத்து, அதிற் பிறக்கும் தெக்னீசியத்தை உப்புநீரால் வடித்தெடுப்பர். ஒரு பசுவை நாள்தோறும் கறப்பது போன்ற செயல் இது. கிழமைக்கொரு கலம் வந்தால் வைத்தியசாலை நடந்தேறும்.

இத்தெக்னீசியத்தைச் செஸ்ராமிபி என்னும் பொருளோடு சேர்த்து நாளத்தில் ஏற்றுவர். இதயத் தசையின் குருதியோட்டத்தை அறிதற்கென ஆக்கப்பட்ட மருந்து அது. இலண்டனிற் கோக்லி என்பாரும் அவர் குழுவினரும், பராதைரொயிட்டுக் கட்டிகளும் அதனை ஈர்த்துக்கொள்வதை 1989இல் அறிவித்தனர். கலங்களினுள்ளே சத்தியைப் பிறப்பிக்கும் இழைமணிகளில் இம்மருந்து சென்று தங்கும். மிகையாய் உழைக்கும் சுரப்பியின் கலங்களில் இழைமணிகள் செறிந்திருத்தலால் அங்கே அது நெடுநேரம் நிற்கும். தைரொயிட்டும் முதலில் அதனை ஏற்கும்; ஆனால் விரைவில் வெளிவிட்டுவிடும். ஆகவே மருந்தேற்றிய சில நிமிடங்களில் ஒரு படமும், ஏறக்குறைய இரண்டு மணித்தியாலங்களின் பின் இன்னொரு படமும் எடுப்பர். முதற் படத்தில் தைரொயிட்டு முழுவதும் ஒளிரும். இரண்டாவதில் அது மங்க, நோயுற்ற சுரப்பி மட்டும் ஒரு புள்ளியாய் எஞ்சி நிற்கும். கடல் வற்றும்போது பாறை தலைகாட்டுவது போன்றது அது.

படமெடுப்பது காமாக் கமரா. அது தானே கதிரைச் செலுத்துவதில்லை. உடலினுள்ளிருந்து வருவதை வாங்கிக்கொள்வது மட்டுமே அதன் தொழில். கமராவை உடலைச் சுற்றிச் சுழற்றி, சீ.ரீ. படத்தோடு ஒன்றிணைத்தால் புள்ளி எந்த ஆழத்தில், எந்த உறுப்பின் அருகே உள்ளதென்பதும் தெளிவாகும். கழுத்தையும் நெஞ்சையும் ஒருங்கே நோக்குவது இம்முறையின் தனிச்சிறப்பு. கப்பற்றலைவர் மாட்டெலின் நெஞ்சறைக் கட்டியை இத்தகைய படம் காட்டியிருக்கக்கூடும்.

கழியொலியோ செஸ்ராமிபியோ தனித்தனியே, ஒற்றைக் கட்டியுடையோர் பத்துப்பேரில் ஏழெட்டுப் பேரளவில் இடத்தைச் சரியாய்ச் சொல்லும். இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டுமாயின் நம்பிக்கை மிகப் பெருகும். அப்போது கழுத்து முழுவதையும் ஆராயாது, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளமான சிறு வெட்டின் வழியே அந்த ஒன்றை மட்டும் அகற்றலாம். நோயாளி விரைவில் வீடு திரும்புவார்.

ஏனைய முறைகள்

இவ்விரண்டும் ஒவ்வாதபோது வேறு வழிகள் உள. நாளத்தில் நிறப்பொருள் ஏற்றி, நொடிக்கணக்கில் அடுத்தடுத்துச் சீ.ரீ. படம் எடுத்தால், கட்டி அந்நிறத்தை விரைந்து ஏற்று விரைந்து கழுவுவதைக் காணலாம். காலத்தையும் ஓர் அளவாய்க் கொள்வதால் இதனை நாற்பரிமாணப் படம் என்பர். நுணுக்கம் மிகுதி, கதிர்வீச்சும் அதற்கேற்ப மிகுதி. மிக அண்மையில் வந்தது புளோரோகோலீன் ஏற்றி எடுக்கும் பெற் படம். கலமென்சவ்வை ஆக்க உதவும் கோலீனைக் கட்டி விரும்பி ஏற்பதால், பிறவற்றில் ஒளிந்த சிறு கட்டியையும் இது காட்டுகின்றது. ஆனால் அதிலுள்ள கதிர்த்தொழிற்பாட்டுப் புளோரின் 110 நிமிடத்திற் பாதியாய் அழிவதால், அதனை ஆக்குமிடத்துக்கு அண்மையிலன்றிப் பயன்படுத்தல் அரிது. இவையும் பயன்படாதவிடத்து, கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள நாளங்கள் பலவற்றிலிருந்து குருதி எடுத்து, எங்கே ஓமோன் மிகுந்திருக்கின்றதென்று பார்த்துத் திசையறிவதும் உண்டு.

படம் பொய்க்கும் இடம்

படத்தை அளவிறந்து நம்புவது தகாது. ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் நோயுற்றிருப்பின், ஒவ்வொன்றும் சிறிதாகையால், படங்கள் அடிக்கடி தவறுகின்றன; ஒன்றைக் காட்டி மற்றையதை மறைத்தலும் உண்டு. தைரொயிட்டின் கட்டிகளும் செஸ்ராமிபியைப் பிடித்துவைத்துப் பராதைரொயிட்டுப் போல வேடமிடும். தொண்டைக் கழலை தென்மேற்குப் பகுதிகளில் நெடுங்காலம் பரவியிருந்த நம் இலங்கையில் இதனைச் சிறப்பாய் எண்ணுதல் வேண்டும். இதனாற்றான், நல்ல படத்தைத் தேடுமுன் கைதேர்ந்த சத்திர வைத்தியரைத் தேடுக என்று இத்துறையினர் கூறுவர். படங்கள் பரவாத காலத்திலேயே, பயிற்சி மிக்கார் நான்கு சுரப்பிகளையும் கண்ணாற் கண்டு ஆராய்ந்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தளவில் வெற்றி பெற்றனர். படத்தில் ஒன்றும் தெரியாத நோயாளிக்கும் அவ்வழி இன்றும் திறந்தே உள்ளது.

படத்தைச் சரிபார்க்க மேசையிலேயே ஒரு வழி உண்டு. பராதைரொயிட்டு ஓமோன் குருதியில் மூன்று முதல் ஐந்து நிமிடத்திற் பாதியாய்க் குறையும். கட்டியை அகற்றிப் பத்து நிமிடத்தின் பின் குருதியைச் சோதித்து, அளவு பாதிக்குமேல் வீழ்ந்திருந்தால் உரியதையே எடுத்தோம் எனத் துணிந்து கழுத்தை மூடுவர். வீழாதிருந்தால் மேலும் தேடுவர்.

நம் நாட்டிலும் அயலிலும்

மேனாடுகளிற் பெரும்பாலும் வேறெதற்கோ செய்த குருதிச் சோதனையில், குறியொன்றும் தோன்றுமுன்னரே இந்நோய் வெளிப்படுகின்றது. இந்தியாவிலோ நிலைமை வேறு. அங்கு நோயாளர் வயதிற் குறைந்தவர். எலும்பு நொந்து, முறிந்து, கல் படிந்த பின்னரே வைத்தியரிடம் வருவோர் மிகுதி. விற்றமின் டீக் குறைவும் பலரிடம் சேர்ந்திருக்கும். கட்டியும் பெருத்திருப்பதால் எளிய படங்களிலேயே அது புலப்படுகின்றது. படம் தெளிவாயிருப்பதை எண்ணி நாம் மகிழ்தற்கில்லை. காலந்தாழ்த்தியதன் கூலியே அத்தெளிவு. தமிழ்நாட்டிற் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அகஞ்சுரக்குஞ் சுரப்பிகளின் சத்திரசிகிச்சைக்கெனத் தனித்துறைகள் உள்ளன. நம் நாட்டிற் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அணுமருத்துவப் பிரிவு உண்டு. வெருகலில் முடியும் ஆற்றின் கரையிலே அப்பிரிவு இருப்பது நமக்கு அண்மையுணர்வைத் தருகின்றது.

நம் மாவட்டத்துக்கு நெருங்கிய இன்னொரு செய்தியும் உண்டு. வரண்ட வலயத்தில் 1990ஆம் ஆண்டுகள் முதல் பரவலாய் அறியப்பட்ட நாட்பட்ட சிறுநீரக நோய், வடமத்திய மாகாணத்தோடு நில்லாது திருகோணமலை மாவட்டத்துப் பதவி சிறீபுரம் போன்ற எல்லைப் பகுதிகளிலும் காணப்படுகின்றது. சிறுநீரகம் எவ்வகையாற் கெட்டாலும் பொசுபரசு குருதியில் தேங்கும், விற்றமின் டீ செயலுருப் பெறாது, கல்சியம் குறையும். ஈடுசெய்ய முயலும் பராதைரொயிட்டுகள் நான்கும் காலப்போக்கிற் பெருக்கும். இது வழிவந்த மிகைச் சுரப்பு. மருந்தினால் அடங்காதபோது, மூன்றரைச் சுரப்பியை அகற்றுவர். அன்றேல் நான்கையும் அகற்றி, ஒன்றன் சிறு துண்டுகளை முன்கைத் தசையிலே நட்டுவைப்பர். இங்கே படத்தின் பணி வேறு. எது நோயுற்றது என்பதன்று கேள்வி, நான்கும் நோயுற்றவையே. ஐந்தாவதாக ஒன்று உண்டா, நெஞ்சறையில் எதுவும் ஒளிந்துள்ளதா என்பதே கேள்வி. அதனை விட்டுவிட்டால் நோய் மீளும்.

பழைய மாணவருள் வைத்தியரும் ஆசிரியரும் கிராமத்துப் பெரியோரும் பலர். படக் கருவிகள் நகரங்களிலேயே இருக்கும், அது தவிர்க்கவியலாதது. ஆனால் குருதியிற் கல்சியத்தை அளப்பது எளிய சோதனை. ஈச்சிலம்பற்றிலோ மூதூரிலோ ஒருவர்க்குக் கல்லடைப்பு மீண்டும் மீண்டும் வருமாயின், காரணமின்றி எலும்பு முறியுமாயின், வயதென்றும் வெயிலென்றும் சொல்லி அமையாது, ‘ஐயா, கல்சியம் பார்த்தீர்களா?’ என்று வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். அக்கேள்வி எழாதவிடத்து எத்துணை நுண்ணிய கமராவும் பயனற்றதே. எழுந்தவிடத்து, மைசூர்ப் பருப்பளவான உறுப்பொன்றைத் தேடியறிந்து, மனிதனொருவனை நிமிர்ந்து நடக்கச் செய்யும் ஆற்றல் இன்று வைத்தியத்துக்கு உண்டு.